பழனி பஸ்ஸும் என் இயர்போனும்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு 64 கிலோமீட்டர். பஸ்ல ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும். போன டிசம்பர்ல நாங்க ஆறு பேர் கிளம்பினோம். கடைசியா ஏறினதால எனக்குக் கிடைச்சது என்ஜின் பானட்டை ஒட்டின சீட். சளி வேற. வரதமாநதி அணை தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் டிரைவர் செகண்ட் கியர் போட்டார். என் பாட்டு காணாமப் போச்சு. வால்யூமைக் கூட்டினேன். சவரிக்காடு வந்தப்ப இன்னும் ரெண்டு படி. வடகவுஞ்சி கிட்ட காது அடைச்சுது, இன்னும் ஒரு படி. போன்ல ஒரு எச்சரிக்கை வந்துச்சு, நீங்க எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன்: படிக்காமலே 'ஓகே' அழுத்தினேன்.

பெருமாள்மலை, சில்வர் கேஸ்கேட் எல்லாம் தாண்டி ஊருக்குள்ள இறங்கி, ராத்திரி ஏரிக்கரையில உட்கார்ந்தோம். கொடைக்கானல் ஏரிக்கரை டிசம்பர் ராத்திரியில எவ்வளவு அமைதியா இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் அமைதி இல்ல. ரெண்டு காதுலயும் 'கீ...'ன்னு ஒரு சத்தம், பழைய டி.வி.யை ஆன் பண்ணா வருமே அது மாதிரி. "சில்வண்டு கத்துதுடா"ன்னு சொன்னேன். "இந்தக் குளிர்ல ஏதுடா சில்வண்டு"ன்னு கேட்டான் பக்கத்துல இருந்தவன். இயர்போனைத் திரும்ப மாட்டி, பஸ்ல விட்ட இடத்துலயே பாட்டைப் போட்டேன். அலறிப் பிடுங்கிட்டேன். ரெண்டு மணி நேரம் அதே வால்யூம்லதான் கேட்டுக்கிட்டு வந்திருக்கேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னு அப்புறம் உட்கார்ந்து படிச்சதுதான் இந்தக் கட்டுரை. நல்ல சவுண்ட் எது, காதுக்குப் பாதுகாப்பு எதுன்னு ரெண்டு தனிக் கேள்வியா வச்சு ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ரெண்டும் ஒரே கேள்வியா ஆயிடுச்சு.

முதல்ல பஸ். திரும்பி வரும்போது போன் ஆப்ல அளந்து பார்த்தேன்: 77-லிருந்து 84 டெசிபெல் வரை ஆடுச்சு. போன் மைக் லேப் மீட்டர் கிடையாது, மூணு நாலு டெசிபெல் முன்னப்பின்ன இருக்கும். ஆனா கதை புரிய இது போதும். டீசல் என்ஜின் சத்தத்தில பெரும்பகுதி கீழ் அதிர்வெண்கள்ல இருக்கு. பாட்டுல பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் தவிலும் இருக்கிறதும் அதே இடத்துலதான். ஒரே அதிர்வெண் பக்கத்துல ரெண்டு சத்தம் வந்தா பெருசு சின்னதை விழுங்கிடும், இதுக்கு மறைப்புன்னு பேரு. அதுவும் கீழ் அதிர்வெண் சத்தம் தனக்கு மேல இருக்கிறதையும் சேர்த்து மறைக்கும். அதனால பஸ்ல முதல்ல தொலையறது பேஸ். "பாட்டு சப்புன்னு இருக்கே"ன்னு நாம வால்யூமைக் கூட்டுவோம். ஆனா வால்யூம் பட்டன் பேஸை மட்டும் கூட்டாது. குரல், ஹை-ஹாட், சலங்கை எல்லாத்தையும் சேர்த்துக் கூட்டும். பேஸ் போதுமான அளவுக்கு வரும்போது மேல் அதிர்வெண்கள் ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும்.

ரெண்டாவது மலை. பழனி கடல் மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் மேல, கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். காற்றழுத்தச் சூத்திரத்துல போட்டா 97.8 கிலோபாஸ்கல் 78.5 ஆகுது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறையுது. செவிப்பறைக்குப் பின்னாடி, நடுக்காதுல அடைபட்டிருக்கிற காத்து இன்னும் பழனிக் காத்து. அது விரிஞ்சு செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளும். இழுத்துக் கட்டின மத்தளத் தோல் மாதிரி செவிப்பறை விறைச்சுப் போறதால சத்தம், முக்கியமா கீழ் சுருதி, மங்கலாகும். மூக்குக்குப் பின்னாடி திறக்கிற யூஸ்டேசியன் குழாய்தான் இதைச் சரி பண்ணணும். எச்சில் முழுங்கும்போது 'டப்'னு திறக்குதே, அதுதான். சளி இருந்தா அந்தக் குழாய் வீங்கி அடைச்சுக்கும். என் காதுக்கு வந்த சத்தம் குறையல, கேட்ட சத்தம்தான் குறைஞ்சது. நான் அதுக்கும் வால்யூமைக் கூட்டினேன்.

ஒரு நடைமுறை விஷயம், மறந்துடறதுக்குள்ள சொல்லிடறேன். ஏறும்போது குழாய் தானாத் திறக்கும், இறங்கும்போது அவ்வளவு சுலபமாத் திறக்காது. அதனால கொடைக்கானல்லேர்ந்து இறங்கற பஸ்லதான் காதுவலி அதிகம். இறங்கும்போது இயர்போனைக் கழட்டிடுங்க, ஏதாவது மென்னுக்கிட்டே வாங்க. எலுமிச்சம்பழம் வாந்திக்குன்னா, புளிப்பு மிட்டாய் காதுக்கு. சளி இருக்கும்போது மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முக்கி ஊதாதீங்க, சளி நடுக்காதுக்குள்ள போகும்.

மூணாவதுதான் முக்கியம்: கசிவு.

காதுக்குள்ள மாட்டுற இயர்போனோட டிரைவர் ரொம்பச் சின்னது. 10 மில்லிமீட்டர் டயஃப்ரம் எப்படி அவ்வளவு பேஸ் தருது? பெரிய ஸ்பீக்கர் ஒரு ரூம் காத்தையே அசைக்கணும். இயர்போனுக்கு வேலை ரெண்டு கன சென்டிமீட்டர் அளவுக் காத்துல முடிஞ்சுது. இவ்வளவு சின்ன மூடின இடத்துல டயஃப்ரம் எவ்வளவு நகருதோ அவ்வளவு அழுத்தம் மாறும். சிரிஞ்ச் வாயை விரலால மூடிட்டு பிஸ்டனை அழுத்திப் பாருங்க, விரல்ல தெரியும். விரலைக் கொஞ்சம் நகர்த்தினா? ஒண்ணுமே இல்ல, புஸ். இயர்போன்லயும் அதே கதை. சிலிக்கான் டிப்புக்கும் காதுச் சுவருக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி இருந்தா, மெதுவா மாறுற அழுத்தம், அதாவது பேஸ், அது வழியா ஓடிப் போயிடும். வேகமா மாறுற மேல் அதிர்வெண்களுக்கு ஓட நேரம் இல்ல, அது அப்படியே காதுக்கு வரும். நம்ம சர்க்யூட் பாஷையில சொன்னா, கசிவு ஒரு ஹை-பாஸ் ஃபில்டர்.

இன்னொண்ணும் நடக்குது. உள்ளேர்ந்து பேஸ் வெளியே போற அதே ஓட்டை வழியா பஸ் என்ஜின் உள்ளே வரும். பாட்டுல பேஸ் குறையும், வெளிச்சத்தத்துல பேஸ் கூடும். ரெண்டு அடி ஒரே நேரத்துல. இந்த நிலையில 3,000 ரூபாய் இயர்போனும் 300 ரூபாய் இயர்போனும் ஒண்ணுதான். ஹாஸ்டல்ல கோடெக் பத்தி, ஹை-ரெஸ் பத்தி விடிய விடியச் சண்டை போடறோம். நம்ம கோடை எஃப்.எம். 100.5 மலை மேல இருந்து இத்தனை மாவட்டத்துக்குப் பாடுதே, எஃப்.எம். ஒலிபரப்புல மொத்தமே 15,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும். யாராவது அதுல பாட்டு குறையா இருக்குன்னு சொல்லிக் கேட்டிருக்கோமா? நீங்க டிப்பை மாத்திப் போட்டா கேக்குற வித்தியாசத்துக்குப் பக்கத்துல கோடெக் வித்தியாசம் வரவே வராது.

பெட்டியில S, M, L-ன்னு மூணு ஜோடி டிப் வரும். M மாட்டியே வரும். நூத்துக்குத் தொண்ணூறு பேர் மத்த ரெண்டையும் பெட்டியோட தூக்கிப் போட்டுடுவோம், நூறாவது ஆளா நானும் போட்டேன். ரெண்டு காதும் ஒரே அளவுல இருக்கணும்னு சட்டம் இல்ல. டிப்பை மாட்டி, பாட்டு போடாம, காதுக்குப் பக்கத்துல விரலைத் தேய்ச்சுப் பாருங்க. அந்தச் 'சரசர' தெளிவாக் கேட்டா அது மூடல. அப்புறம் பேஸ் இருக்கிற ஒரு பாட்டைப் போட்டு, இயர்போனை விரலால மெதுவா உள்பக்கம் அழுத்துங்க. அழுத்தினதும் பேஸ் திடீர்னு கூடுச்சுன்னா, இவ்வளவு நாளா கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். சரியான டிப் வெளிச்சத்தத்தை 20 டெசிபெல் அளவுக்குக் குறைக்கும். 80 டெசிபெல் பஸ் உங்க காதுக்கு 60 டெசிபெல் பஸ் ஆயிடும். அந்த 20 டெசிபெல் வால்யூம்லேர்ந்து அப்படியே மிச்சம்.

20 டெசிபெல்னா சின்னதாத் தெரியுதா? இப்ப கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து எச்.870-ன்னு ஒரு தரநிலை வச்சிருக்காங்க. பெரியவங்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல்ல 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபெல்ல 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் சக்தி ரெட்டிப்பாகும், நேரம் பாதியாகும். 83-ல 20 மணி நேரம், 86-ல 10, 89-ல 5, 92-ல ரெண்டரை, 95-ல ஒண்ணேகால் மணி நேரம். நான் பஸ்ல 95-ல கேட்டிருந்தா, பழனியிலிருந்து ஏறி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு வாரக் கோட்டா காலி.

95 எங்க வரப்போகுதுன்னு நினைக்காதீங்க. ஒயர் இயர்போன் பெட்டியில 16 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபெல்னு போட்டிருக்குன்னு வச்சுக்கோங்க. போன் முழு வால்யூம்ல அரை வோல்ட் தருதுன்னா, வோல்ட் வர்க்கத்தை ஓமால வகுத்தா 15.6 மில்லிவாட். மடக்கை எடுத்தா 12 டெசிபெல் கூடுது: 117. இது உச்சம். பாட்டோட சராசரி இதுக்குப் பத்துப் பதினஞ்சு டெசிபெல் கீழ இருக்கும், 104-ன்னு வைப்போம். 80-லிருந்து 104-க்கு 24 டெசிபெல், எட்டுத் தடவை பாதி பண்ணணும். 40 மணி நேரத்தை 256-ஆல வகுத்தா 9 நிமிஷம் சொச்சம். ரெண்டு பாட்டு. அதுதான் ஒரு வாரத்துக்கு. காதுக்குள்ள அளக்குற டெசிபெல்லையும் வெளியில அளக்குறதையும் நேரடியா ஒப்பிடக் கூடாது, சில டெசிபெல் கழிக்கணும். கழிச்சா ரெண்டு பாட்டு நாலஞ்சு பாட்டு ஆகும், அவ்வளவுதான். ப்ளூடூத் பட்ஸ்ல ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறதால இந்தக் கணக்கை நம்மால போட முடியாது. போட முடியலங்கிறதுக்காக அது சத்தம் குறைஞ்சதுன்னு ஆகிடாது.

கோயில் திருவிழாவுக்குத் தெருவுல குழாய் ஸ்பீக்கர் கட்டினா செமஸ்டர் நேரத்துல நாம சண்டைக்குப் போறோம். 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 45 டெசிபெல்தான்னு சட்டம் பேசறோம். நம்ம காதுக்குள்ள ஒரு குழாய் ஸ்பீக்கரை நாமளே கட்டி வச்சிருக்கோம், அதுக்கு எந்த ஸ்டேஷன்ல புகார் கொடுக்கிறது?

சரி, இவ்வளவு சத்தம் போய் உள்ளே என்ன பண்ணுது? நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருக்கிற காக்ளியாவுக்குள்ள ஒவ்வொரு காதுலயும் ஏறக்குறைய 15,000 முடிச்செல்கள் இருக்கு. நமக்குப் பிறக்கும்போது கிடைச்சது அவ்வளவுதான். தோல் மாதிரி திரும்ப வளராது. முதல்ல அடி வாங்கறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். இதுக்குக் காரணம் ஸ்கூல் லேப்ல இருக்கு: இசைக்கவையை வச்சு ஒத்ததிர்வுத் தம்பம் செஞ்சோமே, ஞாபகம் இருக்கா? காதுக் கால்வாய் ஒரு பக்கம் மூடின, சுமார் 2.5 செ.மீ. குழாய். கால் அலைநீளக் கணக்குல அதோட ஒத்ததிர்வு 3,400 ஹெர்ட்ஸ் கிட்ட வருது. அந்த இடத்துச் சத்தத்தைக் காது தானே பெருக்கிக்கும். சேதம் அதுக்குக் கொஞ்சம் மேல விழும்.

4,000 ஹெர்ட்ஸ் போனா என்ன, தவில் கேக்குமே? கேக்கும். உயிரெழுத்தும் கேக்கும். கேக்காம போறது மெய்யெழுத்து. 'கத்தி'க்கும் 'கட்டி'க்கும், 'பத்து'க்கும் 'பட்டு'க்கும் நடுவுல இருக்கிறது ஒரு சின்ன வெடிப்பு ஒலி, அதோட ஆற்றல் மேல் அதிர்வெண்கள்ல இருக்கு. அதனால காது மந்தமாக ஆரம்பிச்சவங்க "கேக்கல"ன்னு சொல்ல மாட்டாங்க, "கேக்குது, என்ன சொன்னீங்க"ன்னு கேப்பாங்க. கேன்டீன் இரைச்சல்ல இன்னும் மோசம்.

"மறுநாள் சரியாயிடுச்சே"ன்னு நானும் நினைச்சேன். அந்த 'கீ' சத்தம் ரெண்டாவது நாள் மத்தியானம் நின்னுடுச்சு. இந்த இடத்துலதான் எனக்கு வயித்தைக் கலக்கின ஒரு ஆராய்ச்சி வருது. 2009-ல ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் எலிகளுக்கு ரெண்டு மணி நேரம் பலமான சத்தம் கொடுத்தாங்க. கேட்கும் திறன் இறங்கி, சில நாள்ல பழைய நிலைக்கு வந்துடுச்சு. முடிச்செல்கள் முழுசா இருந்துச்சு. ஆனா முடிச்செல்லுக்கும் நரம்புக்கும் நடுவுல இருக்கிற இணைப்புகள்ல பாதிக்கும் மேல சில இடங்கள்ல போயிருந்துச்சு, திரும்ப வரல. எலியில நடந்தது மனுஷனுக்கு அப்படியே நடக்கும்னு சொல்லிட முடியாது. ஆனா 'சரியாயிடுச்சு'ங்கிற வார்த்தையை நான் அதுக்கப்புறம் நம்பறதில்ல.

விசித்திரம் என்னன்னா, இந்த வகை இயர்போன் காதைக் கெடுக்க வந்ததே இல்ல. உள்ளே இருக்கிற பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர் காது கேட்கும் கருவிகள்ல பயன்பட்டது. 1991-ல எடிமோட்டிக் கம்பெனியோட ஈ.ஆர்-4 வந்தப்பவே அதோட பெருமை காதை நல்லா மூடறதுதான். 1995 வாக்குல வான் ஹேலன் பேண்டுக்கு மேடைச் சத்தத்தைப் பார்த்துக்கிட்ட ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒரு ஜோடி செஞ்சு கொடுத்தார். மேடை மானிட்டர் ஸ்பீக்கரோட அலறல்லேர்ந்து அவர் காதைத் தப்பிக்க வைக்கிறதுதான் நோக்கம். வெளிச்சத்தத்தை அடைச்சுட்டு உள்ளே மெதுவாக் கேளுன்னு செஞ்ச சாமானை, நாம ஓட்டையா மாட்டிக்கிட்டு வெளிச்சத்தத்தோட போட்டி போடப் பயன்படுத்தறோம்.

இப்ப நான் பண்றது இதுதான். ராத்திரி ரூம் அமைதியா இருக்கும்போது, பாட்டு நல்லாக் கேக்குற குறைஞ்ச வால்யூமைக் கண்டுபிடிச்சேன். என் போன்ல 15 படியில 6. பழைய டிப்போட பஸ்ல 13 வரைக்கும் போனவன், பொருந்துற டிப் போட்டு அதே ரோட்டுல 8-ல நிறுத்தினேன். உங்க எண் வேறயா இருக்கும், நீங்களே கண்டுபிடிங்க. ரூம் எண்ணுக்கு மேல ரெண்டு படிக்கு மேல தேவைப்படுதுன்னா டிப்பைப் பாருங்க, பட்டனைத் தொடாதீங்க. ஃபோம் டிப் சிலிக்கானை விட நல்லா அடைக்கும், ஆனா சில மாசத்துல பிஞ்சு போகும். என்னைக் கேட்டா புது இயர்போனுக்குச் சேர்த்து வைக்கிற காசுல முதல்ல அதை வாங்குவேன். நாய்ஸ் கேன்சலிங் இருந்தா மலைப் பஸ்ஸுக்கு அருமையான விஷயம். அது திறமையா அடக்கறது கீழ் அதிர்வெண்ணைத்தான், டீசல் உறுமல் அடங்கிடும். கண்டக்டர் விசில் அடங்காது, இறங்கற இடத்தைத் தவற விட மாட்டீங்க. ஆனா ரோட்டுல நடக்கும்போது இவ்வளவு அடைச்சுக்கிட்டுப் போகாதீங்க, வளைவுல அடிக்கிற ஹாரன் உங்களுக்காகத்தான் அடிக்கிறாங்க.

ஒத்தக் காதுல மாட்டற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க. ரெண்டு காதுல கேக்கும்போது மூளை ரெண்டையும் கூட்டிக்கும், ஒத்தக் காதுல அதே அளவு கேக்க வால்யூம் அதிகம் வைக்கணும். இன்னொரு காது வழியா இரைச்சல் வேற வரும். இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. ஊருக்குப் போய் காது டெஸ்ட் எடுத்தேன். கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார வச்சு, பீப் கேட்டா பட்டனை அழுத்தச் சொல்வாங்க, அரை மணி நேரம் கூட ஆகல. ரிப்போர்ட்ல எல்லாப் புள்ளியும் 10, 15-ல வரிசையா இருக்கு. இடது காதுல மட்டும் 4,000 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம், 30. "எந்தக் காதுல மாட்டிக்கிட்டு கிளாஸ் போவே?"ன்னு ஆடியாலஜிஸ்ட் கேட்டாங்க. லேப்ல, மெஸ்ல, கிளாஸ் கடைசி பெஞ்ச்ல, முடியை இழுத்து விட்டு மறைச்சுக்கிட்டு நாலு வருஷமா மாட்டினது இடது காது. பஸ் பாதி, இது பாதியா இருக்கலாம், பிரிச்சுச் சொல்ல வழியில்லன்னு சொன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க, ஜூன்ல போகணும்.

பழைய பெட்டியைத் தேடி எடுத்தப்ப மீதி டிப்புகள் நல்லவேளை உள்ளேயே இருந்துச்சு. வலது காதுக்கு M சரி. இடது காதுக்கு L.